லைன்மேன் வேலைக்குப் படிக்க எவ்வளவு ஆகும், அதில் என்ன கிடைக்கும்

பத்தாவது முடித்த பையனை மின்பாதை வேலைக்குத் தயார் செய்ய எவ்வளவு செலவாகும் என்று பெற்றோர் கேட்டால், தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு பதில் உண்டு. அரசு ஐடிஐ வழியாகப் போனால் கைப்பணம் பெரிதாகக் கரையாது. "போஸ்டிங் வாங்கித் தருகிறேன்" என்பவரை நம்பிப் போனால் லட்சக்கணக்கில் போகும், வேலையும் வராது. இந்த இரண்டையும் தவிர யாரும் கணக்கில் எடுக்காத ஒரு செலவு இருக்கிறது. படிப்பு முடிந்து நிலையான வேலை கிடைக்கும் வரை குறைந்த கூலியில் கழிகிற நாலைந்து வருடங்கள்தான் அது. அந்த வருடங்களை எங்கே, யாரிடம், எந்தச் சான்றுக்காகக் கழிக்கிறோம் என்பதை வைத்தே பிற்பாடு வருமானமும் அமைகிறது, உயிரும் தப்புகிறது.

முதலில் படிப்பு. எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டும் இரண்டு வருடப் பிரிவுகள். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி வேண்டும், வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பு போதும். அரசு ஐடிஐயில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, காலணி, மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். இதுவும் அந்த 750 உதவித்தொகையும் சேர்ந்தால் மாதம் 1,750. இரண்டு வருடத்தில் 42,000 வரை வரும், வருகைப் பதிவு குறைந்தால் அதற்கேற்பக் குறையும். சாப்பாடு, தேர்வுக் கட்டணம், சில்லறைச் செலவு எல்லாவற்றையும் இதிலேயே சமாளிக்கும் குடும்பங்கள் நிறைய.

தனியார் ஐடிஐ என்றால் பல ஊர்களில் வருடத்துக்கு 20,000-இல் தொடங்கி 40,000 வரை கேட்கிறார்கள். கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) இணைப்பு இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு வகுப்புக்கு, 20 இடம். இணைப்பு உள்ள யூனிட் எத்தனை என்று என்சிவிடி இணையதளத்தில் அந்த ஐடிஐயின் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். ஒரே யூனிட்டுக்கு இணைப்பை வைத்துக்கொண்டு அறுபது பேரைச் சேர்க்கும் இடத்தில், மிச்ச நாற்பது பேருக்கு வரும் தாள் அரசு வேலைக்கு உதவாது. மூன்று மாத, ஆறு மாத "எலக்ட்ரிக்கல் டிப்ளமோ" சான்றுகளும் அப்படித்தான். வீட்டு வயரிங் கற்க அவை பயன்படலாம், மின்வாரிய விண்ணப்பத்தில் அவற்றுக்கு இடமில்லை.

இனி மின்வாரியம். 2010 நவம்பரில் டான்ஜெட்கோ ஆன விநியோகப் பிரிவு 2024-இல் மறுபடி பிரிந்து, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். அங்கே ஐடிஐ படித்தவர் நுழையும் வாசல் கள உதவியாளர் பதவி. எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவில் தேசியச் சான்றிதழ் கேட்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் போன்ற பக்கத்துப் பிரிவை எடுத்துவிட்டு, "அதுவும் கரண்ட் படிப்புதானே" என்று பிறகு வருந்துவதில் பயனில்லை. 2025-இல் டிஎன்பிஎஸ்சியின் ஐடிஐ நிலைத் தொழில்நுட்பப் பணித் தேர்வில் 1,794 கள உதவியாளர் இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஊதிய விகிதம் 18,800 முதல் 59,900 வரை, அகவிலைப்படி தனி. அங்கிருந்து கம்பியாளர், லைன் இன்ஸ்பெக்டர், ஃபோர்மேன் என்று பதவி உயர்வு போகும்.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து மகிழும் முன் பழைய கதையும் தெரிய வேண்டும். 2020-இல் வாரியமே 2,900 கள உதவியாளர் இடங்களை அறிவித்தது. லட்சக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். தேர்வே நடக்காமல் 2022-இல் அந்த அறிவிப்பு ரத்தானது. அதற்காகவே இரண்டு வருடம் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தவர்களுக்கு வயதும் போயிற்று, அனுபவச் சான்றும் சேரவில்லை. ஆகவே வாரிய வேலைக்கு முயல வேண்டியதுதான், ஆனால் அதை நம்பிச் சும்மா உட்காரக் கூடாது. இப்போது தேர்வு டிஎன்பிஎஸ்சி கையில் இருப்பதால் பணம் கொடுத்து நுழையும் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்த் தகுதித் தாளில் 150-க்கு 60 எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கம்பம் ஏறுவதில் கெட்டிக்கார இளைஞர்கள் பலர் விழுவது இங்கேதான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தினம் அரை மணி நேரம் புரட்டினால் தாண்டிவிடக்கூடிய தடை அது.

காத்திருக்கும் வருடங்களில் முதல் வருடத்தை அப்ரண்டிஸ் பயிற்சிக்குக் கொடுங்கள். திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, பெரம்பூர் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே ஆகிய எல்லா இடங்களிலும் ஐடிஐ எலக்ட்ரீஷியன்களை எடுக்கிறார்கள். 2019 விதிப்படி இரண்டு வருட ஐடிஐ முடித்தவருக்கு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாயை ஒட்டி வரும். வெளியே உதவியாளாகப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பலர். அந்த வருட முடிவில் வரும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைப் பிற்பாடு எந்தக் கூலியாலும் வாங்க முடியாது. பெரிய துணைமின் நிலையம், பிரேக்கர், ரிலே பேனல் இவற்றைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பும் அங்கேதான்.

அடுத்தது லைசென்ஸ். தெருவில் பி லைசென்ஸ், சி லைசென்ஸ், எச் லைசென்ஸ் என்று சொல்வது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ்களை. பி என்பது கம்பியாளர், சி என்பது மேற்பார்வையாளர், எச் என்பது கம்பியாள் உதவியாளர். ஐடிஐ படிக்காமல் வேலை கற்றவருக்கு எச் சான்றிதழ்தான் வாசல். 21 வயது முடிந்து, மின் வேலையில் ஐந்து வருட அனுபவம் இருந்தால், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். ஐடிஐ முடித்தவர்கள் சான்றிதழோடும் அனுபவத்தோடும் பி சான்றிதழுக்குப் போகலாம். இதில் அதிக நாள் பிடிப்பது அனுபவச் சான்றுக்குத்தான். உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம், பெயர் பதிவேட்டில் ஏறி வேலை செய்திருந்தால்தான் அந்தக் கையெழுத்து செல்லும். ஊரில் நல்ல பெயர் எடுத்த, ஆனால் உரிமம் இல்லாத மேஸ்திரியிடம் எட்டு வருடம் வேலை பார்த்தாலும் தாளில் அது பூஜ்யம். ஒப்பந்ததாரர் உரிமத்தில் இஏ, இபி என்று தரங்கள் உண்டு. முதல் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது: "அண்ணே, உங்க லைசென்ஸ் இஏவா இபியா? எம் பேரு புக்குல ஏறுமா?"

உடம்பு நாற்பத்தைந்தைத் தாண்டினால் தோளும் முட்டியும் கம்பம் ஏற விடாது. அதற்குள் சி சான்றிதழுக்கு வழி பண்ணிக்கொள்ள வேண்டும். பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. இரண்டு வருடத்தில் டிப்ளமோ கைக்கு வந்தால் மேற்பார்வையாளர் சான்றிதழ், ஒப்பந்த உரிமம், வாரியத்தின் தொழில்நுட்ப உதவியாளர் பதவி மூன்றுக்கும் கதவு திறக்கிறது. செலவைப் பார்த்தால் இந்தத் துறையில் இதைவிட லாபமான படிப்பு இல்லை.

ஐடிஐ கற்றுத் தராத பாடம்

மோட்டார் வைண்டிங், ஸ்டார்டர், வயரிங் பலகை எல்லாம் ஐடிஐயில் வரும். கம்பத்தின் மேல் என்ன நடக்கும் என்பது வராது. லைனில் உயிர் விடும் இளைஞர்கள் பெரும்பாலும் கரண்டைப் பற்றித் தெரியாதவர்கள் அல்ல, வரிசையைத் தவறவிட்டவர்கள்.

வரிசை இதுதான். எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்குவது முதல் படி. எந்த ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை), எந்த ஏ.பி. சுவிட்சிலிருந்து (கம்பத்தின் மேல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்தக் கம்பம் வரை என்று சொல்லி, துணைமின் நிலைய ஆபரேட்டர் எழுதும் எல்.சி. எண்ணையும் நேரத்தையும் தன் நோட்டில் குறிக்க வேண்டும். வாங்கியவர்தான் திருப்ப வேண்டும், வேறு யார் போன் போட்டாலும் லைனைப் போடக் கூடாது. ஏ.பி. சுவிட்சைக் கீழிருந்து இழுத்ததும் தலையை நிமிர்த்தி மூன்று பிளேடும் தனித்தனியாகத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கைப்பிடி கீழே வந்துவிடும், மேலே தண்டு துருப்பிடித்து ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டே நிற்கும். அந்த ஒரு ஃபேஸ் போதும். பிறகு கைப்பிடிக்குப் பூட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்து எச்.ஜி. ஃபியூஸ் கழற்றல், டெஸ்டர் வைத்துப் பார்த்தல், அதன் பின் கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராட்.

எர்த் ராடு போடும்போது மண்ணில் அடித்த பக்கத்தை முதலில் இறுக்கி, அதற்குப் பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: கம்பியிலிருந்து முதலில், மண்ணிலிருந்து கடைசியில். மாற்றிச் செய்தால் கம்பியில் தேங்கிய மின்சாரம் ராடைப் பிடித்திருக்கும் ஆள் வழியாக இறங்கும். வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும், மூன்று ஃபேஸுக்கும் போட வேண்டும். "சப்ஸ்டேஷன் பக்கம்தான் கரண்ட் வரும், அந்தப் பக்கம் எதுக்கு" என்ற கேள்விக்குப் பதில், கல்யாண மண்டப ஜெனரேட்டர். மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு மெயினோடு இணைத்து ஓட்டினால், அந்த 230 வோல்ட் எல்.டி. (தாழ்வழுத்த) லைன் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக வந்தால் ஏற்றம் 25 மடங்கு, அதாவது மேலே ஒரு ஃபேஸுக்கு 5,800 வோல்ட்டுக்கு அருகில். கரண்ட் நிறுத்திய லைன் என்று நம்பித் தொட்டவர் அதோடு முடிந்தார். இதனால்தான் எச்.ஜி. ஃபியூஸோடு எல்.டி. ஃபியூஸையும் கழற்றச் சொல்கிறோம்.

எல்.டி. கம்பத்தில் அதிகம் ஏமாற்றுவது தெருவிளக்குக் கம்பி. பகலில் அதில் மின்சாரம் இருக்காது, டெஸ்டரும் ஒளிராது. பல தெருக்களில் அது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும். நீங்கள் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிட்டு மேலே இருக்கும்போது மாலை ஆறு மணிக்கு டைமர் அடித்தால், கைக்குப் பக்கத்தில் ஓடும் கம்பி உயிர் பெறும். மதியம் தொடங்கிய வேலை மாலைக்குள் முடியாது என்று தெரிந்தால், அந்தக் கம்பியையும் எர்த் செய்துவிட்டே தொடர வேண்டும்.

வீட்டுச் சேதம் வரவழைக்கும் தவறு ஒன்று, நியூட்ரலின் வரிசையைத் தப்பவிடுவது. ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) கழற்றும்போது மூன்று ஃபேஸையும் எடுத்துவிட்டுக் கடைசியில்தான் நியூட்ரலை எடுக்க வேண்டும், மாட்டும்போது முதலில் நியூட்ரலை மாட்ட வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஃபேஸ்கள் மட்டும் இணைந்தால் லோடு குறைந்த வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும், டிவியும் ஃப்ரிட்ஜும் போகும்.

கம்பி அறுக்கும் வேலையில் ஒன்றை மறந்தால் கம்பமே ஆளோடு சாயும். இரண்டு பக்கமும் இழுவை இருப்பதால்தான் பல கம்பங்கள் நேராக நிற்கின்றன. ஒரு பக்கக் கம்பியைத் தளர்த்தும் முன் எதிர்ப்பக்கம் தற்காலிக ஸ்டே (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டாமல் ஏறவே கூடாது. குழி ஆழம் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு: 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர். ஒப்பந்த வேலையில் பாறை வந்ததும் ஒரு மீட்டரில் நிறுத்திவிட்ட கம்பங்கள் எங்கும் இருக்கின்றன. ஏறும் முன் அடிமண்ணைக் கிளறி, கம்பத்தை ஆட்டிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். ஸ்டே கம்பியில் முட்டை இன்சுலேட்டர் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அது இல்லாத ஸ்டேயில் மாட்டைக் கட்டித்தான் மழைக்காலத்தில் மாடும் ஆளும் சேர்ந்து போகிறார்கள்.

சொந்தக் கருவி வாங்க எவ்வளவு என்றால்: எட்டு அங்குல இன்சுலேட்டட் பிளையர், ஸ்குரூடிரைவர், ஸ்பானர் செட், டெஸ்டர் எல்லாம் 2,000-க்குள் அடங்கும். கிளாம்ப் மீட்டர் 1,500 முதல். முழு உடல் பெல்ட் 1,500 முதல் 3,000 வரை, ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 2925. கையுறையை ஏறும் முன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று போகும் சத்தம் தெரியும். வியர்வை ஊறிய கையுறையை வெயிலில் காயவைத்தால் ரப்பர் வெடிக்கும், நிழலில் காய வேண்டும். பாதுகாப்புச் சாமானை வேலைக்கு வைப்பவர்தான் தர வேண்டும். தராத இடத்தில் பெல்ட்டையாவது சொந்தமாக வாங்குங்கள்.

பெயர் எங்கும் இல்லாத உதவியாள்

மின்வாரியப் பணியாளரோடு கூடப் போய்க் கம்பம் ஏறும் வெளியாள், கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். ஃபியூஸ் போட அவர்தான் வருவார், புயலுக்குப் பின் கம்பம் நட அவர்தான் வருவார். வாரியத்தின் பதிவேட்டிலும் இல்லை, ஒப்பந்ததாரரின் பதிவேட்டிலும் இல்லை. விபத்து நடந்தால் "ஏன் ஏறினாய்" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். பதிவில் இருப்பவருக்கு என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்கு: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறையில், மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கொண்டு, 25 வயதில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்குச் சம்பளத்தில் பாதி, அதாவது 7,500, பெருக்கல் காரணி 216.91. மொத்தம் 16,26,825 ரூபாய். பதிவேட்டில் பெயர் இல்லாதவரின் குடும்பம் அவர் வேலையாள்தான் என்று நிரூபிக்கவே வருடக்கணக்கில் அலைய வேண்டும். "பின்னால பர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்ற பேச்சை நம்பி, தின்பண்டக் காசுக்குக் கம்பம் ஏறும் தம்பிகளைத் தடுத்து நிறுத்துங்கள். குறைந்தது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியன் என்று பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

வாரியத்துக்கு வெளியே எங்கே பணம் இருக்கிறது? ஒப்பந்த லைன் வேலையில் நாளுக்கு 700 முதல் 1,000 வரை. இதற்கு மேலே போக ஒரு தனித்திறமை வேண்டும். எங்கள் கணிப்பில் முதல் இடம் கேபிள் ஜாயின்டருக்கு, அதாவது நிலத்தடிக் கேபிள்களை இணைப்பவருக்கு. நகரங்களில் மேல்நிலைக் கம்பி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, நன்றாக ஜாயின்ட் போடும் கைகளோ குறைவு. 11 கேவி எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளில் இன்சுலேஷனுக்கு மேலே இருக்கும், ஓரளவு மின்சாரம் கடத்தும் கறுப்பு செமிகான் அடுக்கை உரிக்கும்போது கத்தி உள்ளே இன்சுலேஷனில் ஒரு கீறல் போட்டாலும், அந்தக் கீறலில் காற்று தங்கி, சில மாதத்தில் ஜாயின்ட் வெடிக்கும். துடைக்கும்போது இன்சுலேஷனிலிருந்து செமிகான் பக்கமாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். திரும்பத் தேய்த்தால் கறுப்புத் துகள் வெள்ளைப் பரப்பில் படிந்து மின்பாதை போட்டுவிடும். மழை நாளில், கூடாரம் இல்லாமல் ஜாயின்ட் போடக் கூடாது. இந்தப் பொறுமை உள்ளவருக்கு ஜாயின்ட் கணக்கில் கூலி.

கூரைச் சோலார் இன்னொரு வழி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதால் வேலை பெருகியிருக்கிறது. சோலார் பொருத்தக் கற்றுத் தரும் சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், கட்டணம் கிடையாது. ஏசி பழகிய கைக்கு டிசி புதிது. அதில் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடாததால், ஓடும் நிலையில் பிளக்கைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாது. பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் வேறு வேறு கம்பெனியுடையதை ஒன்றோடொன்று சொருகுவது கூரையில் தீப்பிடிக்க முக்கியக் காரணங்களில் ஒன்று.

உயிருள்ள லைனில் வேலை செய்யும் ஹாட்லைன் பயிற்சிக்குப் பெங்களூரில் தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. பெரும்பாலும் நிறுவனங்கள் அனுப்பித்தான் போக முடியும்.

வளைகுடா போக நினைப்பவர்களுக்குக் கடைசியாக. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், தர மாட்டார். முகவரின் பதிவெண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இயங்குகிறது. அங்கே முதலில் பதிவு செய்யுங்கள். பத்தாவது தேராதவருக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், பத்து லட்சத்துக்குக் காப்பு. சவூதிக்கு எலக்ட்ரீஷியன் விசாவில் போக, புறப்படும் முன்பே இங்கே திறன் சரிபார்ப்புத் தேர்வு எழுத வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், விநியோகம் 13.8 கேவி, 33 கேவி. நேர்முகத்தில் இதைக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் பதவிப் பெயர் ஓவர்ஹெட் லைன்மேன் என்றே இருக்கிறதா என்று பாருங்கள், ஹெல்பர் என்று எழுதிய விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ள முடியாது. ஐடிஐ சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். திருத்தம் வேண்டுமென்றால் ஐடிஐயில் படிக்கும்போதே முதல்வரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டிவரும்.